கறை போடும் முன் காரணம் கேள்!



பிளாஸ்டிக் கிட் வாங்கி ஒரு நீர்மூழ்கிக் கப்பல் மாடல் செய்யணும்னு நம்மில் பலருக்கு ஆசை உண்டு. ஒட்டுவது வரை எல்லாரும் ஓரளவு நல்லாவே செய்திடுவோம். கடலில் ஓடிய கப்பல் மாதிரி பழசாக்கும்போதுதான் சொதப்பல். என் முதல் மாடலில் கண்ட இடமெல்லாம் துரு நிறத்தைத் தடவி, மூணு வார வேலையை ஒரே ராத்திரியில் கெடுத்தேன். "காயலாங்கடையில எடுத்தியா?"ன்னு ரூம்மேட் கேட்டான்.

தப்பு எங்கேன்னு புரியவைத்தது எங்க ஊர் மலை. செஞ்சிக்குப் பக்கத்தில் சிங்கவரம், பாறையைக் குடைந்த கோயிலில் ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கும் ஊர். மழை விட்டதும் அந்தப் பாறையைப் பாருங்க. கறுப்புக் கறை எல்லா இடத்திலும் இருக்காது. தண்ணீர் வழியும் தடத்தில் மட்டும், நேர் கீழ்நோக்கி, போகப் போக மங்கி ஓடும். ஈரம் தங்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்வதால் வரும் கறை அது. அதாவது, ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் இருக்கு. மாடலுக்கும் இதுதான் பாடம்.

எந்தக் கப்பல்?

விசாகப்பட்டினம் கடற்கரையில் நிற்கும் ஐ.என்.எஸ். குர்சுராவை எடுத்துக்குவோம். 1969-இல் கடற்படையில் சேர்ந்து, 2001-இல் ஓய்வு பெற்று, 2002-இல் அருங்காட்சியகமான சோவியத் ஃபாக்ஸ்ட்ராட் வகைக் கப்பல். நீளம் 91.3 மீட்டர். 1:350 ஸ்கேலில் சுமார் 26 செ.மீ.

இந்தக் கணக்கை மறக்காதீங்க. மாடலில் 1 மி.மீ. என்பது நிஜத்தில் 35 செ.மீ. ஒட்டிய இடத்தில் அரை மி.மீ. இடைவெளி விட்டால், நிஜத்தில் 17.5 செ.மீ. ஓட்டை. கப்பல் மூழ்கும், ஆனால் திரும்பி வராது!

கட்டுவது

1. பாகங்களைப் பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவிக் காயவிடுங்க. அச்சின் எண்ணெய்ப் பசை இருந்தால் பெயிண்ட் ஒட்டாது.
2. பாலிஸ்டைரீனுக்கான சிமென்ட்டை மெல்லிசாகத் தடவுங்க. அது பிளாஸ்டிக்கையே கொஞ்சம் கரைத்து இணைக்கும்.
3. இரண்டு பாதிகளும் சேரும் கோட்டில் புட்டி வைத்து, 400, 800, 1000 என்ற வரிசையில் உப்புத்தாளை நனைத்துத் தேயுங்க.
4. பிரைமர் அடித்த பிறகு அக்ரிலிக் பெயிண்ட். சுத்தக் கறுப்பு வேண்டாம், கொஞ்சம் சாம்பல் கலங்க. முழுக் கறுப்பில் நிழலும் கறையும் தெரியாது.
5. மேலே பளபளப்பு வார்னிஷ் ஒரு கோட்.

பழசாக்குவது

ஃபாக்ஸ்ட்ராட்டுக்கு வெளி ஓடு, உள்ளே அழுத்தம் தாங்கும் ஓடு என இரண்டு அடுக்கு. வெளி ஓட்டில் வரிசையாகத் துளைகள் இருக்கும். கப்பல் மேலே வரும்போது தண்ணீர் அவற்றின் வழியாகத்தான் வடியும். அப்போ கறை எங்கே தொடங்கணும்? சிங்கவரம் பாறை மாதிரிதான், தண்ணீர் வெளியேறும் இடத்தில்.

பழுப்பு ஆயில் பெயிண்ட்டைத் துளைக்குக் கீழே ஊசிமுனை அளவு வைங்க. டர்பன்டைனில் நனைத்துத் துடைத்த பிரஷ்ஷால் நேர் கீழே இழுங்க. வெயில் படும் மேல்தளத்தை மட்டும் கொஞ்சம் வெளுக்க வைங்க. துரு நிறம் நங்கூரம், கைப்பிடிக் கம்பி போன்ற பெயிண்ட் உரியும் இரும்புக்கு மட்டும் போதும். சுழலிகள் வழக்கமாகச் செம்புக் கலவையில் செய்வது, அதில் செந்துரு வராது. நான் முதலில் அங்கேதான் அப்பியிருந்தேன்! இரண்டு நாள் காயவிட்டு, மேட் வார்னிஷ் அடிச்சு முடிங்க.

ஜன்னலைத் திறந்து வைத்து, மாஸ்க் போட்டுக்கிட்டு வேலை செய்யுங்க. டர்பன்டைன் பக்கத்தில் நெருப்பு கூடாது.

இன்னொரு ஃபாக்ஸ்ட்ராட்டான ஐ.என்.எஸ். வாக்லியை மாமல்லபுரத்தில் அருங்காட்சியகமாக்கத் திட்டம் இருந்தது, நிறைவேறவில்லை. அருங்காட்சியகம் ஆகாத அந்தக் கப்பலை 26 செ.மீ.-இல் நம்ம மேஜைக்குக் கொண்டுவரலாம். அதனால்தான் அது பொய் சொல்லக் கூடாது.

பிரஷ்ஷைத் தொடும் முன் வைவா எக்ஸாமினர் மாதிரி உங்களையே கேளுங்க: "இந்தக் கறை ஏன் இங்கே வந்தது?" பதில் வந்தால் போடுங்க. வரலைன்னா பிரஷ்ஷைக் கழுவி வச்சிடுங்க!