கட்டடங்களின் மின்செலவுக்கு ஒரு நற்சான்று

ஒரே நகரில் இரு அரசாங்க அலுவலகங்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒன்று ஆண்டுக்கு 13 இலட்சம் யூனிட் மின்சாரத்தைச் செலவிடுகிறது. மற்றொன்று 6 இலட்சம். பின்னதே சிக்கனமானது என எவரும் கூறிவிடுவர். ஆயின், முன்னதன் பரப்பு 10,000 சதுர மீட்டர், பின்னதன் பரப்பு 4,000 எனத் தெரிந்ததும் தீர்ப்பு மாறிவிடும். முதற் கட்டடம் சதுர மீட்டருக்கு 130 யூனிட்டும், இரண்டாவது 150 யூனிட்டும் கொள்கின்றன.

இந்த எளிய வகுத்தற் கணக்கே, மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2009-இல் அலுவலகக் கட்டடங்களுக்கு நட்சத்திரச் சான்று வழங்கத் தொடங்கியபோது அடிப்படையாயிற்று. வகுக்கப்படும் எண்ணில் விலைக்கு வாங்கிய மின்சாரத்துடன் டீசல் ஜெனரேட்டரில் உண்டாக்கியதும் சேரும். கூரையிலுள்ள சூரியத் தகடுகள் தருவது சேராது. பரப்பில் வண்டி நிறுத்துமிடம், புல்வெளி, பாதை ஆகியவை சேரா. அவற்றையும் கூட்டிக்கொண்டால் எந்தக் கட்டடமும் நல்ல கட்டடமாகிவிடும் அன்றோ?

தட்பவெப்ப வேறுபாடும் கருதப்பட்டது. பாதிக்கு மேல் குளிர்சாதன வசதியுள்ள கட்டடம் 120 யூனிட் கொள்ளுமாயின், அந்த அட்டவணைப்படி தில்லியில் அதற்கு 3 நட்சத்திரம். புழுக்கம் மிகுந்த சென்னையில் 4. தில்லியில் 5 நட்சத்திரம் பெற 90-க்குக் கீழே இறங்குதல் வேண்டும்.

இங்கு ஒரு விந்தை உண்டு. குளிர்சாதன வசதி பாதிக்கும் குறைவாயுள்ள கட்டடங்களுக்குத் தனி அட்டவணை. அதில் தில்லிக்குரிய மேல் எல்லை 80. ஆகவே, 85 யூனிட் கொள்ளும் குளிர்சாதனக் கட்டடத்திற்கு 5 நட்சத்திரம் கிடைக்க, அதே 85 யூனிட் கொள்ளும் மின்விசிறிக் கட்டடத்திற்கு ஒன்றும் கிடையாது. நட்சத்திரம் ஒத்த கட்டடங்களுக்கிடையே ஒப்பு நோக்குவதேயன்றி, மொத்தச் செலவின் அளவுகோல் அன்று. பணியாளர் எத்தனை பேர் என்பதையும் அது காட்டாது. வெறிச்சோடிய அலுவலகம் நன்மதிப்புப் பெறுதல் எளிது.

இதனினும் பெரிய குறை, இத்திட்டம் விருப்பத்தின்பாற்பட்டதாய் அமைந்ததே. விண்ணப்பித்த கட்டடத்திற்கே சான்று. மிகுதியாய்ச் செலவிடும் கட்டடம் விண்ணப்பியாதிருந்துவிடலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுமக்கள் வந்து செல்லும் பெரிய அரசுக் கட்டடங்கள், 2008 முதல், மீட்டர் காட்டிய உண்மைச் செலவின்படி ஏ முதல் ஜி வரை தரமிடப்படுகின்றன. கடைத்தரமான ஜி பெற்ற கட்டடமும் அச்சான்றை மக்கள் எளிதிற் காணும் இடத்தில் மாட்டியே தீரவேண்டும்.