அறுவைப் பிரசவமும் நோய் எதிர்ப்பாற்றலும்: வகுப்பில் எப்படி விளக்கலாம்?

“ஆபரேஷன்ல பொறந்தவங்களுக்கு எதிர்ப்பு சக்தி கம்மியா டீச்சர்? எங்க ஆயா அப்படித்தான் சொல்றாங்க.”

ஏலகிரி மலையில் உள்ள எங்கள் பள்ளியில், நோய்த்தடுப்பு பற்றிய பாடத்தின்போது ஒரு மாணவி கேட்ட கேள்வி இது. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் அறுவைச் சிகிச்சை மூலம் நடந்தவை. இந்திய அளவில் இது 21.5 சதவீதம். அப்படிப் பிறந்த பிள்ளைகள் நம் எல்லா வகுப்புகளிலும் இருக்கிறார்கள். எனவே கவனமாக விடை சொல்ல வேண்டியிருக்கிறது.

அறிவியல் சொல்வது

இயல்பான பிரசவத்தில் குழந்தை தாயின் உடலிலுள்ள நன்மை செய்யும் நுண்ணுயிரிகளை முதலில் பெறுகிறது. அறுவைப் பிரசவத்தில் இது குறைகிறது. குடலில் குடியேறும் இந்நுண்ணுயிரிகளே நோய்த்தடுப்பு மண்டலத்தைப் பழக்குகின்றன.

டென்மார்க்கில் சுமார் 20 லட்சம் குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வில், அறுவைப் பிரசவத்தில் பிறந்தோரிடம் ஆஸ்துமா ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் காணப்பட்டது.

கரும்பலகையில் ஒரு கணக்கு

இயல்பாகப் பிறந்த 100 பேரில் 5 பேருக்கு ஆஸ்துமா என்று வைத்துக்கொள்வோம். ஐந்தில் ஒரு பங்கு கூடினால் 6 பேர். மீதி 94 பேருக்கு இல்லை! இதை எழுதிக் காட்டியதும் மாணவர்களுக்குத் தெளிவு பிறந்தது.

மேலும், தொடர்பு என்பது வேறு, காரணம் என்பது வேறு. தாயின் உடல்நிலை, கொடுக்கப்பட்ட நுண்ணுயிர்க்கொல்லி மருந்து, தாய்ப்பால் தொடங்கத் தாமதம் ஆகியவையும் காரணமாகலாம். இங்கிலாந்தில் ஏறத்தாழ 600 குழந்தைகளிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், குடல் நுண்ணுயிரி வேறுபாட்டின் பெரும்பகுதி ஓராண்டுக்குள் குறைந்துவிட்டது.

நாம் செய்யக்கூடியவை

• “யார் எப்படிப் பிறந்தீர்கள்?” என்று வகுப்பில் கேட்க வேண்டாம்.

• அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளையின் தாயிடம் பிரசவத்தைக் காரணமாகச் சொல்ல வேண்டாம். அந்த அறுவைச் சிகிச்சை இரு உயிர்களைக் காத்ததாக இருக்கலாம்.

• 5–6 வயதில் முத்தடுப்பு ஊக்கத் தடுப்பூசியும், 10, 16 வயதுகளில் டிடி தடுப்பூசியும் போடப்பட்டனவா எனப் பார்ப்போம்.

• உணவுக்கு முன் சோப்பால் கைகழுவச் செய்வோம்.

• பனிக்காலத்தில் மூச்சிரைக்கும் பிள்ளையைப் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டுவோம்.

பிறந்த விதத்தை இனி மாற்ற முடியாது. தடுப்பூசியும் சத்துணவும் சுத்தமும் இன்றும் நம் கையில் இருக்கின்றன.