வணிகக் கண்காட்சிகளில் விளக்குப் பொருள்களும் வடிவமைப்புரிமையும்

வணிகக் கண்காட்சி என்பது பொருளை விற்கும் இடம் மட்டுமன்று. சட்டத்தின் பார்வையில் அது ஒரு வெளியீடும் ஆகும். மொராதாபாத்தின் பித்தளைத் தொங்குவிளக்கும் பிரோசாபாத்தின் கண்ணாடிச் சரவிளக்கும் அரங்கில் வைக்கப்படும் கணத்திலேயே அவற்றின் வடிவம் உலகறிந்ததாகிவிடுகிறது. இதனால் சிறு உற்பத்தியாளருக்கு இருவகை இடர்கள் நேரலாம். பதிவு செய்யாத தம் வடிவமைப்பின் மீதான உரிமையை அவர் இழக்கக்கூடும். பிறரது உரிமையை மீறியவராகவும் ஆகக்கூடும். முதலாவதைப் பலரும் அறிவர். இரண்டாவது பெரும்பாலும் அரங்கிற்கு அறிவிப்பு வந்த பின்னரே உணரப்படுகிறது.

இவ்வச்சம் புதிதன்று. 1873-இல் வியன்னாவில் நடந்த உலகக் கண்காட்சிக்குத் தம் கண்டுபிடிப்புகளை அனுப்ப வெளிநாட்டார் பலர் தயங்கினர். அத்தயக்கத்தைப் போக்கும் முயற்சியே 1883-ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கைக்கு வழிகோலியது. இந்தியா 1998-இல் அதில் இணைந்தது.

இந்தியாவில் இப்பொருளை வடிவமைப்புச் சட்டம், 2000 ஆள்கிறது. கண்ணால் மட்டுமே மதிப்பிடப்படும் உருவம், அமைப்பு, கோலம், அணிவேலை ஆகியனவே வடிவமைப்பு எனப்படும். ஒளி உமிழும் டையோடின் மின்சுற்று இதில் அடங்காது. அது காப்புரிமைச் சட்டத்திற்கு உரியது. விளக்கின் தண்டு, ஷேடு, கிண்ணம் ஆகியவற்றின் தோற்றம் அடங்கும். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். மேலும் 5 ஆண்டுகள் நீட்டிக்கலாம். பதிவுக்கு முன்பே வெளியிடப்பட்ட வடிவமைப்பு புதுமை இழந்ததாகும். இதற்கு 21-ஆம் பிரிவு ஒரு விலக்கு அளிக்கிறது. மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சியாக அது இருத்தல் வேண்டும். கட்டுப்பாட்டாளருக்கு முன்கூட்டியே உரிய படிவத்தில் அறிவிப்புத் தருதல் வேண்டும். முதற்காட்சியிலிருந்து 6 மாதங்களுக்குள் விண்ணப்பித்தல் வேண்டும். மூன்றில் ஒன்று தவறினும் விலக்குக் கிட்டாது. ஆகவே இவ்விலக்கை நம்பியிருப்பதைக் காட்டிலும், மாதிரியைப் பெட்டியில் அடைக்குமுன் விண்ணப்பித்துவிடுதலே சிறந்தது.

பிறர் உரிமையைப் பொறுத்தவரை 22-ஆம் பிரிவு கருதத்தக்கது. உரிமையாளரின் இசைவின்றி வடிவமைப்பு பயன்படுத்தப்பட்டுள்ளது என அறிந்தே பொருளை விற்பனைக்காகக் காட்சிக்கு வைத்தலும் மீறலே. ஒரு பொருள்கூட விற்கப்படாதிருக்கலாம், அது விடையாகாது. ஒவ்வொரு மீறலுக்கும் 25,000 ரூபாய் வரையிலும், ஒரு வடிவமைப்புக்கு மொத்தம் 50,000 ரூபாய்க்கு மிகாமலும் தொகை பெறலாம். அல்லது இழப்பீடும் தடையாணையும் கோரி வழக்குத் தொடரலாம்.

வெளிநாட்டில் நிலைமை இன்னும் கடுமையானது. செருமனியின் பிராங்க்பர்ட் நகரில் ஈராண்டுக்கொருமுறை பெரிய விளக்குக் கண்காட்சி ஒன்று நடைபெறுகிறது. அந்நாட்டில் அவசர நேர்வுகளில் நீதிமன்றம் சில நாள்களுக்குள் இடைக்காலத் தடையாணை பிறப்பிக்கலாம். அதன்படி பொருள்கள் அரங்கிலிருந்து அகற்றப்படும். ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவு பெறாத வடிவமைப்புக்கும், அங்கு முதலில் வெளியான நாளிலிருந்து 3 ஆண்டுகள் நகலெடுப்புக்கு எதிரான பாதுகாப்பு உண்டு. எனவே பதிவேட்டில் இல்லை என்பது மட்டும் போதிய சான்றாகாது.

பழைய வடிவம் என்பதனாலும் அச்சம் நீங்காது. வில்ஹெல்ம் வாகன்பெல்டு 1924-இல் பௌஹௌஸ் கலைப்பள்ளியில் உருவாக்கிய மேசை விளக்கு, செருமனியில் பயன்பாட்டுக் கலைப்படைப்பாகப் பதிப்புரிமை பெறுகிறது. அவர் 1990-இல் காலமானார். ஆசிரியர் மறைவுக்குப் பின் 70 ஆண்டுகள் என்ற விதிப்படி அவ்வுரிமை 2060 இறுதி வரை நிற்கும். அவ்விளக்கின் நகலைச் செருமானிய மக்களுக்கு விற்பனைக்கு முன்வைத்தலே மீறல் என்று அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் 2007-இல் தீர்ப்பளித்தது. இந்தியாவிலோ, பதிவு செய்யத்தக்க வடிவமைப்பைப் பதியாமல் விட்டுத் தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் படியெடுத்தால் அதன் பதிப்புரிமை முடிந்துவிடும். உள்நாட்டில் தடையின்றிச் செய்யும் பொருள் அயல்நாட்டில் தடைக்குள்ளாவதற்கு இவ்வேறுபாடு ஒரு காரணம்.

சிறுதொழிலில் இச்சிக்கல் பெரும்பாலும் இறக்குமதியாளர் தரும் ஒளிப்படத்திலிருந்து தொடங்குகிறது. அவர் ஒரு படத்தைக் காட்டி இதேபோல் செய்து தருக என்கிறார். கைவினைஞரும் செய்து தருகிறார். அம்மாதிரியே பின்னர் அவரது அரங்கில் நிற்கிறது. ஆதலால் படம் யாருடையது என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுதல் வேண்டும். உரிமை வழக்கு எழுந்தால் செலவை ஆணை தந்தவரே ஏற்பார் என ஒப்பந்தத்தில் சேர்த்தலும் நன்று. விளக்குகள் லோகார்னோ பகுப்பின் 26-ஆம் வகுப்பில் வருவதால், இந்திய, ஐரோப்பியப் பதிவேடுகளை அவ்வகுப்பின்கீழ்க் கட்டணமின்றித் தேடலாம். மாவட்டத் தொழில் மையங்கள் கண்காட்சிக்கான மானிய விண்ணப்பத்துடன் இத்தேடலின் முடிவையும் கேட்டுப் பெறுவது பயன் தரும்.

தம் வடிவமைப்பு தமதே என்பதற்குத் தேதியிட்ட வரைபடங்கள், அச்சுவார்ப்புப் பட்டியல்கள், பதிவுச் சான்று ஆகியவற்றின் நகல்கள் அரங்கிலேயே இருத்தல் வேண்டும். செருமனியில் வழக்கை எதிர்பார்ப்போர் தம் தரப்பைக் கூறும் பாதுகாப்பு மனுவை முன்கூட்டியே மைய மின்பதிவேட்டில் இடலாம். 2016 முதல் செயல்படும் இப்பதிவேட்டில் மனு 6 மாதங்கள் இருக்கும். எனவே அரங்கு ஒதுக்கீடு உறுதியானதும் அந்நாட்டு வழக்குரைஞரை அணுகினால் மனு உரிய காலத்தில் இடம்பெறும்.