பரங்கிப் பிஞ்சு நிலைக்க

பருவமறிந்து ஊன்றிய பரங்கி விதை முளைத்து, பந்தலும் கூரையும் நிறையப் படர்ந்து, நாள்தோறும் பொன்னிறப் புஷ்பங்களை மலர்த்திய பின்னும், பிஞ்சுகள் மட்டும் மஞ்சளித்து வெம்பி உதிர்வதைக் கண்டு, உரம் போதவில்லையென்றும் கண்ணேறு பட்டதென்றும் வருந்துவோர் பலர். பெரும்பாலும் அங்கே குறைவது மகரந்தச் சேர்க்கையே. பரங்கியின் மகரந்தம் பிசுபிசுப்பும் கனமும் உடையதாதலால் காற்று அதனைச் சுமப்பதில்லை. தேனீக்கள் அருகிவிட்ட இடத்தில் அந்தக் காரியத்தை மனிதனின் கையே செய்தாக வேண்டும்.

முதலில் பூக்களை இனம் பிரித்து அறிதல் அவசியம். ஒரே கொடியில் இருவகைப் பூக்களும் உண்டு. நீண்டு மெலிந்த காம்பின் மேல் நிற்பது ஆண் பூ. குறுகிய காம்பும், இதழ்களுக்குக் கீழே சிறு காய் போன்ற சூலகமும் உடையது பெண் பூ. தொடக்கத்தில் ஆண் பூக்களே தோன்றுவது கொடியின் இயல்பு; அதுகண்டு மலட்டுக் கொடியென்று பிடுங்கி எறிவது பெரும் அநியாயம். மார்கழிக் கோலத்துக்குப் பூப் பறிப்போரும் ஆண் பூக்களையே பறிக்க வேண்டும். அவற்றிலும் சிலவற்றைக் கொடியிலேயே விட்டுவைக்க வேண்டும்.

மறுநாள் விரியும் மொட்டுகளை, நுனியில் மஞ்சள் படர்ந்திருப்பதைக் கொண்டு முந்தின மாலையே கண்டுகொள்ளலாம். விதைக்காகக் காய் விடுவோர், அயல் இனத்து மகரந்தம் புகாதபடி ஆண், பெண் மொட்டுகள் இரண்டின் நுனியையும் நூலால் கட்டிவைப்பது நலம்.

சூரியோதயத்தை ஒட்டியே வேலையைத் தொடங்குங்கள். முற்பகலுக்குள் பூ கூம்பிவிடும். ஆண் பூவைக் காம்போடு கொய்து, இதழ்களைக் களைந்து, நடுவே மஞ்சள் தூள் படிந்து நிற்கும் தண்டினால் பெண் பூவின் நடுவிலுள்ள சூல்முடியின் மடல்கள் அனைத்தையும் மெல்லத் தடவுங்கள். ஒரு மடலும் விடுபடலாகாது. ஏனெனில் சூல்முடியில் ஒட்டிய மகரந்தத் தூள் நுண்ணிய குழாயொன்றை உள்ளே செலுத்தி, ஒரு சூலை அடைந்து, அதனைக் கருவுறச் செய்து ஒரு விதையாக்குகிறது. கருவுற்ற விதைகளின் தூண்டுதலால்தான் காய் பருக்கிறது. ஒரு பக்கத்துச் சூல்கள் மட்டுமே கருவுற்றால் அப்பக்கம் பருத்து, மறுபக்கம் சூம்பி, காய் கோணலாகும். ஆகவே இரண்டு மூன்று ஆண் பூக்களைப் பயன்படுத்துவது உத்தமம். ஜெர்மனியில் ட்யூபிங்கன் நகரத்துப் பண்டிதரான காமராரியுஸ், ஆமணக்கின் ஆண் பூக்களை நீக்கி, எஞ்சிய பெண் பூக்கள் விதை தராமையைப் பரீட்சித்தறிந்து, தாவரங்களுக்கும் ஆண் பெண் பாகுபாடு உண்டென்று 1694-இல் எழுதி வெளியிட்டார். அந்த உண்மையை நம் வீட்டுக் கொடியிலேயே காண்பது எத்தனை ஆனந்தம்!

சுரைக்கும் புடலுக்கும் பீர்க்குக்கும் இந்தக் காலைநேர விதி பொருந்தாது. அவை மாலையில் மலர்வன. அந்தியிலேயே சேர்க்க வேண்டும்.

தடவி முடித்ததும் பெண் பூவை மீண்டும் கட்டி, காம்பில் அடையாள நூல் சுற்றுங்கள். சில தினங்களில் காம்பு தடித்துப் பிஞ்சு பருத்தால் கருவுற்றதென அறியலாம். எனினும் கொடி தன் சக்திக்கு மீறிய பிஞ்சுகளைத் தானே உதிர்ப்பதுண்டாகையால், அந்நாட்களில் வேர் வாடாதபடி நீர் பாய்ச்சுங்கள். விதைக் காயைக் காம்பு காய்ந்து, தோலில் நகம் பதியாத அளவு முற்றிய பின்னரே அறுத்து, மேலும் சில வாரங்கள் நிழலில் வைத்திருந்து பிளந்து, திரண்ட விதைகளை மட்டும் கழுவி உலர்த்திக்கொள்ளுங்கள்.