ஒரு பானைச் சோறும் ஒரு பெட்டிக் கத்தியும்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் அடுக்களைகளில் நாள்தோறும் மெய்யாகி வரும் பழமொழி. அகப்பையில் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்த அளவிலேயே, பானை முழுவதும் வெந்ததா இல்லையா என்று தாய்மார்கள் சொல்லிவிடுகின்றனர். இம்மொழி பொய்க்காததற்குக் காரணம் உண்டு. அரிசி ஒரே மூட்டையிலிருந்து வந்தது, நீரும் ஒன்று, தீயும் ஒன்று, கிளறிவிடுவதால் அடியில் உள்ளதும் மேலே உள்ளதும் ஒரே வெப்பத்தைப் பெறுகின்றன. இவையெல்லாம் ஒத்திருப்பதால்தான் ஒரு பருக்கை மற்றெல்லாப் பருக்கைகளுக்கும் சாட்சியாகிறது.

கடையில் ஒரே பெட்டியில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் மடக்குக் கத்திகளுக்கு இப்பழமொழி பொருந்துமா? ஒரே பெயர், ஒரே நிறம், ஒரே விலை. ஆயினும் ஒருவர் வாங்கியது பத்தாண்டு உழைக்கிறது. அவருடைய அண்டை வீட்டார் வாங்கியது பத்து நாளில் ஆட்டம் கண்டுவிடுகிறது. இவ்வேறுபாடு எங்கிருந்து வருகிறது, அதனை நாம் எவ்வாறு கண்டறிவது, கண்டபின் என்ன செய்வது என்பனவே இம்மாதப் பாடத்தின் பொருளாகும்.

தோட்டத்துக்கும் மடக்குக் கத்திக்கும் என்ன தொடர்பு?

பால் வெட்டும் கத்தி மடங்காதது. அதன் குணத்தை நம் தொழிலாளர்கள் கைப்பழக்கத்தாலேயே அறிவர். ஆனால் நாற்றங்காலில் ஒட்டுக் கட்டுவோர் பெரும்பாலும் மடக்கும் வகைக் கத்தியையே கையாளுகின்றனர். அது மழுங்கியோ ஆடியோ இருந்தால் பட்டையின் உட்புறத் தோல் கிழிந்து, வைத்த மொட்டு பட்டுப்போகும். கயிறு அறுக்கவும், உரச் சாக்கைப் பிரிக்கவும், பாக்குச் சீவவும், பழம் நறுக்கவும் சட்டைப்பையில் ஒரு பேனாக்கத்தி வைத்திருப்போரும் நம்மிடையே பலர்.

ஜொகூர்த் தோட்டங்களில் வாழ்வோர் தீபாவளி, பொங்கல் காலங்களில் பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் சென்று, தேக்கா அங்காடியிலும் சிராங்கூன் சாலையிலும் கேம்பல் சந்திலும் துணிமணியும் பாத்திரமும் வாங்கி வருவது நெடுநாளைய வழக்கம். அப்போது சில்லறைச் சாமான்களோடு ஒரு மடக்குக் கத்தியையும் வாங்குவதுண்டு. முன்னாளில் அருகிலிருந்த சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையிலும் பழைய கருவிகளைப் புரட்டிப் பார்த்து வாங்கினர். அச்சந்தை 2017 ஜூலை 10ஆம் நாளோடு மூடப்பட்டது. இன்று பெரும்பாலும் புதிய பொருளே கிடைக்கிறது. அதுவும் ஆலைகளில் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டது. ஆகவே ஆலைப் பொருளை மதிப்பிடும் அறிவு நமக்குத் தேவையாகிறது.

மடக்குக் கத்தியின் உறுப்புகள்

மடக்குக் கத்தியில் முதன்மையான உறுப்புகள் நான்கு: அலகு, பிடி, அலகையும் பிடியையும் இணைக்கும் அச்சாணி, விரித்த அலகை நிலைநிறுத்தும் வில் அல்லது பூட்டு. மடங்காத கத்தியில் அலகு ஒன்று நன்றாயிருந்தால் போதும். மடக்குக் கத்தியிலோ நான்கும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். அச்சாணித் துளை ஒரு மயிரிழை அகன்றால் அலகு பக்கவாட்டில் ஆடும். அதே அளவு குறுகினால் விரிக்கவே முடியாது. பூட்டு அரைகுறையாகப் பற்றினால், அழுத்தி வெட்டும்போது அலகு திரும்பி விரல்மேல் மடங்கும். கையே முதலாகக் கொண்ட நமக்கு இது சிறு குறை ஆகாது. ஒரு விரலில் ஆழ்ந்த வெட்டு விழுந்தால் எத்தனை நாள் நிரைக்குச் செல்ல இயலாது என்பதை ஒவ்வொருவரும் கணக்கிட்டுக் கொள்ளலாம்.

ஒரே ஆலையில் வேறுபாடு ஏன்?

கொல்லர் தம் உலையில் ஒரு கத்தியைச் செய்யும்போது இரும்பின் நிறத்தைப் பார்த்து, உரிய பதத்தில் நீரிலோ எண்ணெயிலோ தோய்த்துக் கடினமாக்குகிறார். பிறகு மிதமாகச் சூடேற்றி, அதன் முறியும் தன்மையைத் தணிக்கிறார். சாதாரண எஃகைத் தோய்ப்பதற்கு ஏறத்தாழ 800 பாகை செல்சியஸ் வெப்பமும், தணிப்பதற்கு ஏறத்தாழ 200 பாகையும் வேண்டும். துருப்பிடிக்காத எஃகுக்கு 1,000 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் தேவை. ஆலையில் இவ்வேலையே நூற்றுக்கணக்கான அலகுகளுக்கு ஒருசேர நடைபெறுகிறது. உலையின் நடுவிலிருக்கும் அலகும் ஓரத்திலிருக்கும் அலகும் ஒரே வெப்பத்தைப் பெறாவிடில், ஒன்று மென்மையாகி விரைவில் மழுங்கும்; மற்றொன்று அளவுக்கு மிஞ்சிக் கடினமாகி நுனி முறியும். கண்ணுக்கோ இரண்டும் ஒன்றுபோலவே பளபளக்கும்.

இன்னும் மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, எஃகுத் தகட்டை வெட்டும் அச்சு தேய்ந்துகொண்டே வருகிறது. புதிய அச்சில் வந்த முதல் அலகும், தேய்ந்த அச்சில் வந்த பல்லாயிரமாவது அலகும் அளவில் ஒத்திரா. இரண்டாவது, மலிவாகக் கிடைக்கிறதென்று இடையில் வேறு எஃகு வாங்கப்படலாம். மூன்றாவது, விளிம்பைத் தீட்டுவது பெரும்பாலும் மனிதர் கையாலோ மனிதர் நடத்தும் இயந்திரத்தாலோ நடைபெறுகிறது. நாளொன்றுக்கு இத்தனை உருப்படி என்று நெருக்கப்படும் தொழிலாளியின் கை, மாலையில் காலைக் கையாக இராது. இதனை நமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

சோற்றுப் பானையில் தீயும் நீரும் ஒத்திருந்தன. இங்கே அவை ஒத்திருக்கும்படி ஆலையார் பார்த்துக்கொண்டால்தான் ஒன்று மற்றொன்றுக்குப் பதமாகும். அவ்வாறு பார்த்துக்கொள்வதையே தரக் கட்டுப்பாடு என்கிறோம்.

மாதிரி பார்ப்பது மட்டும் போதுமா?

செய்து முடித்த கத்திகளில் சிலவற்றை எடுத்துச் சோதிப்பதே தரக் கட்டுப்பாடு என்று பலர் எண்ணுகின்றனர். ஒரு கணக்கைப் பார்ப்போம். பெருங்குவியல் ஒன்றில் நூற்றுக்கு இரண்டு கத்திகள் குறையுள்ளவை என்று கொள்வோம். அதிலிருந்து 50 கத்திகளை எடுத்துச் சோதித்தாலும், குறையுள்ள ஒன்றுகூட அகப்படாமற்போகும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கிறது. பத்தாயிரம் கத்திகளில் நூற்றுக்கு இரண்டு என்றால் 200 கத்திகள். அதாவது 200 பேருடைய கைகள். எனவே இறுதியில் பொறுக்குவதைக் காட்டிலும், செய்யும் போதே பிழை நேராமல் காப்பது மேல்.

இவ்வுண்மையை முதலில் முறைப்படுத்தியவர் அமெரிக்கரான வால்ட்டர் ஷூவார்ட். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே அளவுகளைக் குறித்துவைத்து, அவை எல்லை மீறும் முன் எச்சரிக்கும் வரைபட முறையை அவர் 1924இல் வகுத்தார். அவர் வழிவந்த எட்வர்ட்ஸ் டெமிங் 1950இல் ஜப்பானில் இதனைக் கற்பித்தார். 1962 முதல் அந்நாட்டுத் தொழிலாளர்கள் சிறு குழுக்களாகக் கூடி, தம் வேலையில் நேரும் பிழைகளைத் தாமே ஆராயும் தரக் கட்டுப்பாட்டு வட்டங்கள் பரவின. உலகம் மலிவுச் சரக்கு என்று எள்ளிய ஜப்பானியப் பொருள்கள் பின்னர் நம்பிக்கைக்கு எடுத்துக்காட்டாயின.

சிங்கப்பூரும் அதே வழியில் சென்றது. அங்கே தரநிலை, தொழில்துறை ஆய்வுக் கழகம் 1969இலும், தேசிய உற்பத்தித்திறன் வாரியம் 1972இலும் அமைந்தன. 1981இல் உற்பத்தித்திறன் இயக்கம் தொடங்கியது. அடுத்த ஆண்டு 'டீமி' என்னும் தேனீ அதன் சின்னமாயிற்று. சுவரொட்டிகளிலும் தொலைக்காட்சியிலும் அத்தேனீயைக் காணாதவர் அரியர். பிழை கண்ட தொழிலாளி அதனை மறைக்காமல் எடுத்துச் சொல்லலாம், சொன்னால் மேலாளர் கேட்பார் என்னும் நிலை ஏற்பட வேண்டும் என்பதே தர வட்டங்களின் அடிப்படை. அந்நிறுவனங்கள் இரண்டும் 1996இல் ஒன்றாயின. பின்னர்ப் பெயர் மாற்றங்கள் பெற்று, 2018 முதல் எண்டர்பிரைஸ் சிங்கப்பூர் என்னும் அமைப்புக்குள் அடங்கின.

நம் பாலும் இதே விதிக்கு உட்பட்டது

இது பிறர் ஆலைக்கு மட்டும் உரிய பாடமன்று. ஒரு காலத்தில் புகையிட்ட ரப்பர் ஷீட்டுகளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தே தரம் பிரித்தனர். ஷீட்டுகளுக்கு இன்றும் கண்ணே அளவுகோல். கட்டி ரப்பருக்கோ 1965இல் மலேசியா 'எஸ்எம்ஆர்' என்னும் தர முறையைக் கொண்டுவந்தது. மாதிரியை ஆய்வுக்கூடத்தில் சோதித்து, அழுக்கு முதலியவை எவ்வளவு என்று எண்ணால் குறிப்பதே அம்முறை. 20 என்னும் எண் பெற்ற தரத்தில் அழுக்கு நூற்றுக்கு 0.16 பங்கைத் தாண்டலாகாது. 33.3 கிலோ எடையுள்ள ஒரு கட்டியில் இது ஏறத்தாழ 53 கிராம். மங்கில் விழும் பட்டைத் துணுக்கும், கட்டிப்பாலோடு ஒட்டிவரும் மண்ணும் இந்த 53 கிராமுக்குள்தான் அடங்க வேண்டும்.

ரப்பர்த் தோட்டங்கள் இல்லாத சிங்கப்பூரில் இன்று இதே 20 எண் தர ரப்பருக்கு விலை பேசப்படுகிறது. உலகின் பல பாகங்களில் அவ்விலையே வழிகாட்டியாகக் கொள்ளப்படுகிறது. வாங்குவோர் சரக்கைக் கண்ணால் காண்பதில்லை. தர எண்ணை நம்பியே விலை சொல்கின்றனர். அந்நம்பிக்கை குலைந்தால் விலையும் குலையும். ஆகவே, ஆட்டம் காணும் கத்தியை விற்றவர்மீது நமக்கு எழும் சினம், மங்கைத் துடைக்காமல் விடும்போது நம்மீதும் எழ வேண்டும்.

கடையில் செய்ய வேண்டிய சோதனைகள்

மலிவுச் சரக்கு செய்வோர் பலர் சோதனைச் செலவைக் குறைத்தே விலையைக் குறைக்கின்றனர். ஆலையில் கழித்திருக்க வேண்டிய கத்தியைக் கழிக்கும் வேலை அப்போது வாங்குவோர் தலையில் விழுகிறது. ஆகவே பின்வருவனவற்றைக் கடைக்காரரின் இசைவு பெற்றுச் செய்து பாருங்கள்.

1. ஒரே வகையில் மூன்று கத்திகளைக் கேட்டு வாங்கி, அருகருகே வையுங்கள். மூன்றும் ஒரே விசையில் விரிந்து, ஒரே ஓசையுடன் நிலைபெறுகின்றனவா என்று கவனியுங்கள். மூன்றும் மூன்று விதமாக இருந்தால், அவற்றுள் சிறந்ததைத் தேடுவதைவிட வேறு வகையைப் பார்ப்பதே நன்று.

2. மடக்கிய நிலையில் மேலிருந்து நோக்குங்கள். அலகு பிடியின் நடுவில் அமைந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் உரசலாகாது.

3. விரித்தபின் அலகின் முதுகைப் பிடித்துப் பக்கவாட்டில் மெல்ல அசையுங்கள். ஆட்டம் இருந்தால் அச்சாணி பொருந்தவில்லை என்பது பொருள்.

4. பூட்டுள்ள கத்தியாயின், அலகு மடங்கும் வழியில் விரல் இல்லாதபடி பிடித்து, அதன் முதுகை ஒரு மரப்பலகையில் மெல்ல அழுத்துங்கள். பூட்டு நழுவினால் அக்கத்தி வேண்டா. பூட்டற்ற வில் கத்தி, அழுத்தினால் மடங்கும் இயல்புடையது. அதனைக் குத்துவதற்கோ நெம்புவதற்கோ பயன்படுத்தலாகாது.

5. விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள். அடி முதல் நுனி வரை தீட்டிய அகலம் ஒரே சீராக இருக்க வேண்டும். ஒரு தாளை நறுக்கிப் பார்த்தால் எங்கே தடைபடுகிறது என்பது புலப்படும்.

அலகில் பொறித்த பெயரை மட்டும் நம்பிவிடலாகாது. புகழ்பெற்ற பெயர்களுக்குப் போலிகளும் உண்டு. எஃகின் கடினம் கண்ணுக்குத் தெரியாததால் இச்சோதனைகள் எல்லாக் குறையையும் காட்டிவிடமாட்டா. ஆகவே பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துவது ஆறாவது சோதனைக்குச் சமம்.

குறை கண்டால் செய்ய வேண்டியவை

சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் 1 முதல் நடைமுறையிலுள்ள சட்ட விதிப்படி, பொருள் கைக்கு வந்த ஆறு மாதங்களுக்குள் வெளிப்படும் குறை, விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். அவ்வாறன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு விற்றவரைச் சார்ந்தது. பழுது பார்த்துத் தரும்படியோ மாற்றித் தரும்படியோ கேட்கலாம். அவை இயலாவிடில் விலைக் குறைப்போ பணமோ கோரலாம். வாங்கியவர் தவறாகக் கையாண்டதால் நேர்ந்த சேதத்துக்கு இது பொருந்தாது. 1971இல் தோன்றிய சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கம் ஆலோசனை வழங்குகிறது. சிறு கோரிக்கைகளுக்கென 1985 முதல் தனி நடுவர் மன்றங்களும் உள்ளன. அங்கே வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. மலேசியாவில் வாங்கிய பொருளுக்கு 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும், அதன்கீழ் அமைந்த நடுவர் மன்றமும் துணைநிற்கின்றன. எங்கும் முதலில் கடைக்காரரிடம் பற்றுச்சீட்டுடன் பண்போடு எடுத்துரைப்பதே முறை.

மற்றொன்றும் நினைவிற்கொள்க. உரிய காரணமின்றிப் பொது இடத்தில் கத்தியை உடன் வைத்திருப்பது சிங்கப்பூரில் குற்றமாகும். பொத்தானை அழுத்தியதும் தானே விரியும் வகையை வாங்கவே வேண்டா. வாங்கிய கத்தியைப் பெட்டியிலிருந்து பிரிக்காமல், பற்றுச்சீட்டுடன் மூட்டைக்குள் வைத்து வீடு சேருங்கள்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதமாவது சமைத்தவரின் கவனத்தால். ஒரு பெட்டிக் கத்திக்கு ஒரு கத்தி பதமாவதும், ஒரு கட்டி ரப்பருக்குக் கையளவு மாதிரி பதமாவதும் செய்தவரின் கவனத்தாலேயே. வாங்கும்போது அக்கவனத்தைக் கேட்டுப் பெறுவோம். செய்யும்போது அதனைத் தவறாமல் கொடுப்போம்.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. ஒரே உலையில் கடினமாக்கிய இரு அலகுகள் வேறுபடுவது எதனால்?

2. செய்து முடித்தபின் சில கத்திகளை மட்டும் சோதிப்பது ஏன் போதாது?

3. உங்கள் நிரையில் பாலோடு அழுக்குச் சேரும் இடங்கள் யாவை? அவற்றுள் உங்கள் கையால் தடுக்கக்கூடியவை எவை? குழுவாகக் கூடிப் பேசுக.