பொதுத்திரையும் கைத்திரையும்

நுழையும்முன்

கருவி மாறும்போது தொழில் மட்டும் மாறுவதில்லை. மனிதர் எண்ணும் முறையும் கூடிவாழும் முறையும் மாறுகின்றன. அம்மாற்றம் எவ்வாறு நிகழ்கிறது என்பதை மதுரையை அடுத்த மேலூர் வட்டச் சிற்றூர்களின் பட்டறிவிலிருந்து தொடங்கி விளக்குகிறது இப்பாடம்.

கூடிக் கேட்ட காலம்

சிற்றூர்களில் செய்தி என்பது நெடுங்காலம் பொதுப்பொருளாகவே இருந்தது. தேநீர்க்கடையில் ஒருவர் நாளிதழைப் படிக்கப் பலர் கேட்டனர். மாலை வேளையில் ஊராட்சி வானொலியின் முன் உழவர் கூடினர். 1960களில் தஞ்சைப் பகுதியில் பரவிய ஆடுதுறை 27 என்னும் நெல்வகை, வானொலி வழியே மக்களிடம் சென்றதால் ‘வானொலி நெல்’ என்றே வழங்கப்பட்டது. கேட்ட செய்தியை அங்கேயே ஒருவர் ஐயுறுவார். மற்றொருவர் தம் பட்டறிவைக் கூறுவார். மூன்றாமவர் நடுநின்று தெளிவுபடுத்துவார். செய்திக்கும் செயலுக்கும் இடையே ஓர் உரையாடல் இருந்தது.

மேலூரின் இணைய மையங்கள்

2001ஆம் ஆண்டு மேலூர் வட்டத்தில் ‘சாரி’ என்னும் ஊரக இணையத் திட்டம் தொடங்கப்பெற்றது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம், ஹார்வர்டு பல்கலைக்கழகம் ஆகியனவும் இதில் பங்கேற்றன. கம்பியில்லாத் தொலைத்தொடர்பால் இணைக்கப்பட்ட மையங்களை உள்ளூர் மக்களே நடத்தினர். சான்றிதழ்களுக்கான விண்ணப்பங்கள் மின்னஞ்சலில் வட்டாட்சியர் அலுவலகத்தை அடைந்தன. நோயுற்ற கண்ணின் படம் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கும், பயிர்நோய் பற்றிய வினா வேளாண் வல்லுநர்க்கும் சென்றன. ஒரு சான்றிதழுக்காக ஒருநாள் கூலியை இழந்து அலையும் நிலை சற்றே குறைந்தது.

இம்மையங்களை ஆராய்ந்தோர் மற்றோர் உண்மையையும் கண்டனர். மையம் அனைவர்க்கும் பொதுவாயினும், அதனை மிகுதியாகப் பயன்படுத்தியோர் படித்த இளைஞர்களே. பெண்களும் முதியோரும் குறைவாகவே வந்தனர். ஒடுக்கப்பட்டோர் குடியிருப்பை ஒட்டி மையம் அமைந்து, அம்மக்களுள் ஒருவரே ஊக்குவித்த இடங்களில் அவர்களும் பயன்பெற்றனர். கணினி சாதி பார்ப்பதில்லை. எனினும், அது வைக்கப்பட்ட தெருவைப் பொறுத்தே அதன் வாயிலைத் தாண்டுவோர் யாவர் என்பது அமைந்தது. போதிய வருவாயும் தொடர்ந்த துணையும் இன்மையால் பல மையங்கள் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டன.

கைக்குள் வந்த திரை

2016க்குப் பின் இணையக் கட்டணம் பெரிதும் குறையவே, மையம் இருந்த இடத்தைத் திறன்பேசி பிடித்தது. தெருவைக் கடக்கத் தயங்கியவர் கையிலும் திரை வந்தது, இது பெரும்பேறு. ஆனால், தடையாயிருந்த தெருவோடு, ஐயுற்றுக் கேட்ட அந்த மூன்றாமவரும் மறைந்தார். செய்தியைத் தனியே பெற்று, தனியே நம்பி, தனியே பரப்பும் வழக்கம் வளர்ந்தது. அனுப்பியவர் மாமாவாகவோ அத்தையாகவோ இருப்பின், உறவின் மீதுள்ள நம்பிக்கை செய்தியின் மீதும் படிகிறது. அச்செய்தியை முதலில் கூறியவர் யார் என்பதை அந்த உறவினரும் அறியார்.

இதன் விளைவைத் தமிழகம் 2018 மே மாதத்தில் கண்டது. குழந்தை கடத்துவோர் உலவுவதாக வாட்ஸ்அப்பில் பொய்ச்செய்தி பரவியிருந்தது. திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூர் அருகே, குலதெய்வ வழிபாட்டுக்காகச் சென்னையிலிருந்து உறவினருடன் வந்த முதிய பெண் ஒருவர், குழந்தைகளுக்கு இனிப்பு வழங்கியதால் ஐயுறப்பட்டுக் கூட்டத்தினரால் அடித்துக் கொல்லப்பட்டார். தனித்தனித் திரைகளில் பிறந்த அச்சம் தெருவில் கூட்டமாயிற்று. அங்குக் கூட்டம் இருந்தது; உரையாடல் இல்லை.

வெளித்தடையும் உள்தடையும்

அவ்வாண்டு ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே முறையில் ஐவர்க்கு அல்லது ஐந்து குழுக்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு வாட்ஸ்அப் நிறுவனம் வரம்பு விதித்தது. 2019 ஏப்ரல் 3 அன்று சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, டிக்டாக் செயலியின் பதிவிறக்கத்தைத் தடைசெய்யுமாறு அரசுக்கு இடைக்கால ஆணை பிறப்பித்தது. அதே மாதம் 24ஆம் நாள் அத்தடையை விலக்கியது. இத்தகைய வெளித்தடைகள் வேகத்தைக் குறைக்கலாம். சிந்தனையைத் தந்துவிட இயலா.

ஒரு கருவி நன்மை தருமா, தீமை தருமா என்பதைக் கருவி மட்டும் முடிவு செய்வதில்லை. அது எங்கு உள்ளது, யாருடன் இருந்து பயன்படுத்தப்படுகிறது, இடையில் எவ்வளவு சிந்தனைக்கு இடம் தரப்படுகிறது என்பனவும் முடிவு செய்கின்றன. முதலில் கூறியவர் யார்? எப்போது கூறினார்? இதனைப் பரப்பினால் யார்க்குத் துன்பம்? இம்மூன்று வினாக்களையும் கேட்டபின் விரலை அசைப்பவரே, தேநீர்க்கடையில் ஐயுற்றுக் கேட்ட அந்த மூன்றாமவரின் பணியை ஏற்கிறார். அப்பணியே இன்றைய மாணவரின் கடமை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் செய்தி பரவிய முறையைப் பற்றி முதியோரிடம் கேட்டு, இன்றைய முறையோடு ஒப்பிட்டு எழுதுக.

2. குடும்பத்தாருக்கு வந்த ஒரு செய்தியின் உண்மைத்தன்மையை ஆராய்ந்து வகுப்பறையில் கலந்துரையாடுக.