இழுவை வேலைக்குப் பழைய டிராக்டர் தேர்ந்தெடுப்பது எப்படி?

அறுவடை முடிந்தவுடன் நெல்லைக் களத்திலிருந்து கொள்முதல் நிலையத்திற்கும், கரும்பை வயலிலிருந்து சாலைக்கும், தொழு உரத்தைக் குப்பைக் குழியிலிருந்து வயலுக்கும் கொண்டு செல்ல வேண்டியுள்ளது. மாட்டு வண்டிகள் குறைந்துவிட்ட ஊர்களில் இவ்வேலைகள் அனைத்தும் டிராக்டரையும் டிரெய்லரையும் நம்பியே நடைபெறுகின்றன. புதிய டிராக்டரின் விலை சிறு விவசாயிக்கு எட்டாததால், பழைய டிராக்டர் ஒன்றை வாங்கலாமா என்ற எண்ணம் பலருக்கும் எழுகிறது.

பழைய டிராக்டர் வாங்குவதில் தவறில்லை. ஆனால் பெயின்டின் பளபளப்பைக் கண்டு வாங்கிவிட்டு, முதல் பருவத்திலேயே எஞ்சினைப் பிரிக்க நேர்ந்தால் இரண்டு ஆண்டு மகசூல் அதிலேயே கரைந்துவிடும். எனவே முன்பணம் கொடுக்குமுன் கீழ்க்கண்டவற்றை வரிசையாகக் கவனித்தல் நலம்.

வாங்குவதா? வாடகைக்கு எடுப்பதா?

முதலில் விடை காண வேண்டிய கேள்வி இதுதான். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். இதிலுள்ள தொகைகள் கணக்கு முறையை விளக்குவதற்காகவே. உங்கள் ஊர் நிலவரப்படி மாற்றிக் கொள்ளவும்.

ஒரு பழைய டிராக்டரை ரூ.3,00,000க்கு வாங்கி, 6 ஆண்டுகள் உழைத்தபின் ரூ.1,20,000க்கு விற்பதாகக் கொள்வோம். விலை இறக்கம் ஆண்டுக்கு ரூ.30,000 ஆகிறது. போட்ட பணத்தின் சராசரி ரூ.2,10,000. அதற்கு 10 விழுக்காடு வட்டி ரூ.21,000. காப்பீடு, கொட்டகை முதலிய செலவு ரூ.9,000. ஆக, வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆண்டுக்கு ரூ.60,000 செலவு உண்டு.

டீசல், ஆயில், பழுது, ஓட்டுநர் கூலி ஆகியவை சேர்ந்து மணிக்கு ரூ.600 ஆகிறது என்றும், வெளியில் வாடகை மணிக்கு ரூ.1,000 என்றும் கொள்வோம். சொந்த வண்டியால் மணிக்கு மிஞ்சுவது ரூ.400. அறுபதாயிரத்தை நானூறால் வகுத்தால் 150 வருகிறது. அதாவது ஆண்டுக்கு 150 மணி நேரத்திற்கு மேல் சொந்த வேலை இருந்தால்தான் வாங்குவது ஆதாயம். அதற்குக் குறைந்தால் வாடகையே மேல்.

ஐந்து ஏக்கர் வைத்திருப்பவர் தம் நிலத்தில் மட்டும் 150 மணி நேர வேலையைக் காண்பது அரிது. அத்தகையோர், நிலம் அடுத்தடுத்துள்ள மூன்று நான்கு பேர் கூடி வாங்கலாம். வாங்குமுன்பே, ஓடும் ஒவ்வொரு மணிக்கும் ஒரு தொகையைப் பழுதுபார்ப்பு நிதியில் போடுவது என்றும், யாருக்கு எந்த நாளில் முறை என்றும் எழுத்தில் வைத்துக் கொள்ள வேண்டும். கூடி வாங்க வழியில்லாதவர்கள் வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை இயந்திரங்களைப் பயன்படுத்திக் கொள்ளலாம்.

இரு சக்கர இயக்கமா? நான்கு சக்கர இயக்கமா?

சாதாரண டிராக்டரில் பின்சக்கரங்கள் இரண்டு மட்டுமே இழுக்கின்றன. நான்கு சக்கர இயக்கமுள்ள டிராக்டரில் முன்சக்கரங்களும் சேர்ந்து இழுக்கின்றன. பின்னது விலை கூடுதல். அந்தக் கூடுதல் விலை உங்களுக்குத் தேவையா என்பதை ஒரு சிறு கணக்கால் அறியலாம்.

எஞ்சினில் எத்தனை குதிரைத் திறன் இருந்தாலும், சக்கரம் மண்ணைப் பிடித்தால்தான் வண்டி நகரும். அந்தப் பிடிப்பு, இழுக்கும் சக்கரங்களின்மேல் உள்ள எடையைப் பொறுத்தது. இளகிய வயல் மண்ணில், அந்த எடையில் சுமார் பத்தில் நான்கு பங்கு இழுவை கிடைக்கும் எனக் கொள்ளலாம். 2,000 கிலோ எடையுள்ள டிராக்டரில் பின்சக்கரங்களின்மேல் சுமார் 1,400 கிலோ இருக்கும். அதில் கிடைக்கும் இழுவை 560 கிலோ. நான்கு சக்கரங்களும் இழுத்தால் முழு 2,000 கிலோவும் பயன்பட்டு, இழுவை 800 கிலோவாக உயரும்.

இனி, சுமையைப் பார்ப்போம். நல்ல தார்ச்சாலையில் ஒரு டன்னை உருட்டிச் செல்ல 20 முதல் 30 கிலோ இழுவை போதும். இளகிய வயலிலோ டன்னுக்கு 100 கிலோவுக்கு மேலும் தேவைப்படும். இங்கே 120 கிலோ எனக் கொள்வோம். டிரெய்லரும் பாரமும் சேர்ந்து 5 டன் என்றால் தேவையான இழுவை 600 கிலோ. இரு சக்கர இயக்க டிராக்டர் இங்கே சக்கரம் சுழன்று நின்றுவிடும். நான்கு சக்கர இயக்க டிராக்டர் வெளியேறிவிடும்.

ஆனால் இன்னொரு வழியும் உண்டு. மொத்த எடையை 4 டன்னாகக் குறைத்தால் தேவை 480 கிலோதான். இரு சக்கர இயக்க வண்டியே இழுத்துவிடும். வெற்று டிரெய்லரின் எடை 1.5 டன் என்றால், 10 டன் நெல்லை மூன்று நடையில் எடுப்பதற்குப் பதில் நான்கு நடையில் எடுக்க வேண்டியிருக்கும். ஆண்டுக்குச் சில நாள் மட்டும் நேரும் இந்த ஒரு கூடுதல் நடைக்காக, விலை அதிகமான வண்டியை வாங்குவது தேவைதானா என்று எண்ணிப் பாருங்கள்.

மலைச் சரிவு நிலம், ஆண்டு முழுதும் ஈரமான வயல், விரிவான சேற்றுழவு ஆகியவை உள்ளவர்களுக்கு நான்கு சக்கர இயக்கம் உரிய பயன் தரும். ஏற்றத்தில் பத்தடிக்கு ஓரடி உயர்ந்தால், ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 100 கிலோ இழுவை வேண்டும் என்பதை மறக்கலாகாது. சேற்றுழவை மட்டும் கருதுவோர், இரு சக்கர இயக்க டிராக்டரில் கூண்டுச் சக்கரம் பொருத்தியும் சமாளிக்கலாம்.

சக்கரச் சறுக்கலை அளந்து பார்த்தல்

வாங்க எண்ணும் வண்டியை வயலிலேயே சோதிக்க எளிய முறை ஒன்று உண்டு. பின்டயரில் சுண்ணாம்பால் ஒரு குறியிடவும். பாரமில்லாமல் ஓட்டி, சக்கரம் 10 சுற்றுச் சுற்றும் தூரத்தை அளக்கவும். பிறகு அதே இடத்தில் பாரத்துடன் ஓட்டி, 10 சுற்றின் தூரத்தை அளக்கவும். முதலில் 40 மீட்டரும் பின்னர் 34 மீட்டரும் வந்தால், குறைந்தது 6 மீட்டர். இது நாற்பதில் 15 விழுக்காடு. இரு சக்கர இயக்கத்தில் 15 விழுக்காடு வரை ஏற்கலாம். இருபதைத் தாண்டினால் டீசலும் டயரும் வீணாவதோடு, மண்ணும் அரைபட்டு இறுகிப் போகும்.

எஞ்சினைச் சோதித்தல்

வண்டியைப் பார்க்கக் காலையிலேயே செல்லுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கையை வைத்துப் பார்த்து, பிறகே இயக்கச் சொல்லுங்கள். நீங்கள் வருமுன்பே சூடேற்றி வைத்திருந்தால் மற்றொரு நாள் செல்வது நல்லது.

1. குளிர்ந்த நிலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். நீரில் எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ, எஞ்சின் ஓடும்போது குமிழிகள் தொடர்ந்து வந்தாலோ ஹெட் கேஸ்கெட் பழுதாக இருக்கலாம். சூடான எஞ்சினில் மூடியைத் திறக்கவே கூடாது.

2. ஆயில் அளவுகோலை உருவிப் பாருங்கள். ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் அதில் நீர் கலந்துள்ளது.

3. புகையைக் கவனியுங்கள். பாரம் ஏற்றியபின் விடாது வரும் கரும்புகை, காற்று வடிகட்டி அடைப்பையோ டீசல் அமைப்பின் கோளாறையோ காட்டும். நீலப்புகை, எஞ்சின் ஆயில் எரிவதைக் காட்டும். எஞ்சின் சூடேறிய பின்னும் நிற்காத வெண்புகை, எரியாத டீசலையோ நீர்க் கசிவையோ குறிக்கும்.

4. எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால், புகை விசையுடன் பீறிடக் கூடாது. பீறிட்டால் பிஸ்டன் வளையங்களும் லைனரும் தேய்ந்துள்ளன எனக் கொள்ளலாம். இதைச் சீர் செய்யும் செலவே பெருஞ்செலவு. மெக்கானிக்கிடம் மதிப்பீடு பெற்று அதை விலையில் கழித்துப் பேசுங்கள்.

மணி மீட்டர் காட்டும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். மீட்டரை மாற்றலாம். ஆனால் கிளட்ச், பிரேக் மிதிகளின் தேய்மானம், இருக்கை, ஸ்டியரிங் ஆகியவை பொய் சொல்லா. குறிப்பாக, இழுவைக் கம்பியின் முளைத் துளையைப் பாருங்கள். அது வட்டமாக இராமல் முட்டை வடிவில் தேய்ந்திருந்தால், அந்த வண்டி நெடுங்காலம் கனத்த பாரம் இழுத்துள்ளது என்பது உறுதி.

கிளட்ச், கியர், பிரேக், டயர்

கிளட்சைச் சோதிக்க, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி உயர் கியரில் கிளட்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் திணறி நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடினால் கிளட்ச் வழுக்குகிறது. இறக்கத்தில் ஆக்சிலரேட்டரைக் குறைக்கும்போது கியர் தானாகக் கழன்றால், கியர் பெட்டியில் தேய்மானம் உள்ளது.

இடது, வலது பிரேக் மிதிகளைத் தனித்தனியே சோதியுங்கள். பின் இரண்டையும் தாழ்ப்பாளால் இணைத்து, வெறும் சாலையில் அழுத்துங்கள். வண்டி ஒருபுறம் இழுக்கக் கூடாது. முன்புறத்தை ஜாக்கியால் தூக்கிச் சக்கரங்களை அசைத்தால் ஆட்டம் மிகுதியாக இருத்தல் ஆகாது.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2318 என்றிருந்தால் அது 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பட்டைகள் உயரமாக இருந்தாலும், பக்கச் சுவரில் வெடிப்புகள் தோன்றிய டயர் பாரம் தாங்காது.

நான்கு சக்கர இயக்க வண்டியில் கூடுதலாக இரண்டைக் கவனிக்க வேண்டும். முன்அச்சு ஆயிலைச் சிறிது வடித்துப் பாருங்கள். சேற்றில் உழைத்த வண்டியில் சீல் பழுதாகி நீர் புகுந்திருக்கக்கூடும். அடுத்து, முன் பின் டயர்களின் அளவு, கம்பெனி குறித்த இணையாகவே இருக்க வேண்டும். இயக்கத்தில் முன்சக்கரங்கள் 1 முதல் 5 விழுக்காடு வேகமாகச் செல்லுமாறு அமைத்துள்ளனர். கிடைத்த டயரை மாட்டியிருந்தால் இந்தக் கணக்கு கெட்டுப் பற்சக்கரங்கள் தேயும். இதே காரணத்தால், காய்ந்த தார்ச்சாலையில் முன்சக்கர இயக்கத்தை விலக்கிவிட்டே ஓட்ட வேண்டும்.

டிரெய்லரை இணைப்பதில் எச்சரிக்கை

டிரெய்லரை இழுவைக் கொக்கியில் மட்டுமே மாட்ட வேண்டும். மூன்று முனை இணைப்பின் மேற்கம்பி இடத்திலோ, பின்அச்சைச் சுற்றிய சங்கிலியிலோ மாட்டி இழுத்தால், முன்சக்கரங்கள் எழும்பி டிராக்டர் பின்னோக்கிக் கவிழும். இது ஓரிரு நொடியில் நடந்துவிடுவதால் ஓட்டுநர் குதித்துத் தப்ப நேரமிராது. கவிழ்வுக் காப்புச் சட்டமும் இருக்கைப் பட்டையும் உள்ள வண்டி கிடைத்தால், சற்று விலை கூடினாலும் அதையே தேர்ந்தெடுங்கள்.

இரு சக்கர டிரெய்லரில் பாரம் சற்றே முன்புறம் சாய்ந்திருக்க வேண்டும். பின்புறம் கனத்தால் அது டிராக்டரின் பின்பகுதியைத் தூக்கி, பிடிப்பையும் பிரேக்கையும் ஒருங்கே குறைக்கும். ஆடு மாடுகளை ஏற்றும்போது இதில் தனிக் கவனம் தேவை. மூட்டை அசையாது. மாடு அசையும். வளைவில் அவை ஒருபுறம் ஒதுங்கினால் வண்டி கவிழலாம். எனவே தடுப்புகள் அமைத்து, தரையில் வைக்கோல் பரப்பி, மெதுவாகவே செல்ல வேண்டும்.

பல டிரெய்லர்களில் பிரேக் இருப்பதில்லை. அப்போது முழுப் பாரத்தையும் டிராக்டரின் பிரேக்கே தாங்க வேண்டியுள்ளது. ஏற எந்தக் கியர் தேவையோ அதே கியரில் இறங்குவது பாதுகாப்பானது. இறக்கத்தில் நியூட்ரலில் விடுவதும், நடுவே கியர் மாற்றுவதும் உயிருக்கு ஆபத்து. டிரெய்லரில் ஆட்களை ஏற்றாதீர்கள். பின்புறம் சிவப்பு விளக்கும் ஒளி பிரதிபலிக்கும் பட்டையும் இன்றி இரவில் சாலைக்கு வராதீர்கள்.

ஆவணங்கள்

ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் வண்டியில் உள்ளவற்றோடு நேரில் ஒப்பிடுங்கள். டிரெய்லருக்குத் தனிப் பதிவு உண்டா என்றும் பாருங்கள். வங்கிக் கடன் குறிக்கப்பட்டிருந்தால், விற்பவர் கடனைத் தீர்த்து, கடன் கொடுத்தவர் கையொப்பமிட்ட படிவம் 35ஐயும் தடையின்மைச் சான்றையும் பெற்றுத் தர வேண்டும். உரிமை மாற்றத்திற்குப் படிவம் 29, 30 தேவை. வாங்கியவர் 30 நாட்களுக்குள் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்தல் வேண்டும். காப்பீட்டைத் தம் பெயருக்கு மாற்ற 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டியிருப்பதால், வண்டியின் வயதைப் பார்த்து விலை பேசுங்கள். வெள்ளைத் தாளில் எழுதி வாங்கி, பெயர் மாற்றாமல் ஓட்டினால், விபத்து நேரும்போது இரு தரப்பினருக்கும் தொல்லையே மிஞ்சும்.

மண்ணையும் நினையுங்கள்

இறுதியாக ஒரு சொல். வண்டி இழுக்கிறது என்பதற்காக ஈர வயலில் முழுப் பாரத்தோடு இறங்க வேண்டாம். நான்கு சக்கர இயக்கம் வண்டியைச் சேற்றிலிருந்து மீட்கும். ஆனால் அழுந்திப்போன அடிமண்ணை மீட்காது. கனத்த பாரத்தால் உழவு ஆழத்திற்குக் கீழே இறுகிய மண், அடுத்து வரும் பயிர்களின் வேரைத் தடுக்கும். ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டுங்கள். அது உருண்டு, அழுத்தினால் நாடாவாக நீண்டால், வயல் இன்னும் பாரம் தாங்கும் பதத்திற்கு வரவில்லை. டிரெய்லரை வரப்போரம் நிறுத்திப் பாரத்தை அங்கே கொண்டு வருவதே அன்றைக்கு ஏற்றது.

எனவே உழவர் பெருமக்கள் முதலில் வேலை மணிகளைக் கணக்கிட்டு, அடுத்து நிலத்திற்கேற்ற இயக்கத்தைத் தீர்மானித்து, நம்பிக்கையான மெக்கானிக் ஒருவருடன் சென்று வண்டியைச் சோதித்து, ஆவணங்கள் சரியாக இருந்தால் மட்டுமே பணம் கொடுக்க வேண்டும். ஏதேனும் ஒன்றில் ஐயம் இருந்தால், முன்பணம் கொடுக்காமல் திரும்பி வாருங்கள். விற்பனைக்கு வேறு வண்டி வரும். கைப்பணம் போனால் அதை மீண்டும் சேர்க்கப் பல பருவங்கள் ஆகும்.